தொட்டி நிரம்பினால் மோட்டார் நிற்க வேண்டும்: ஃபர்ம்வேரைப் பிரித்து எழுதும் முறை

மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டாரைத் தானே போட்டுத் தானே நிறுத்தும் சிறிய பெட்டியைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். கோவையில் பம்ப் தொழிலைச் சுற்றி அந்தப் பெட்டிகளைச் செய்யும் பட்டறைகள் உண்டு. அப்படி ஒரு பட்டறையில்தான் நான் ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள் ஓடும் நிரல், எழுதக் கற்றுக்கொண்டேன். 2021-இல் உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு வந்தபோது நாங்கள் வாங்கிக்கொண்டிருந்த சிப் சந்தையில் கிடைக்கவில்லை. கிடைத்த இடத்தில் விலை பல மடங்கு ஏறியிருந்தது. சரி, வேறு சிப்புக்கு மாறிவிடலாம் என்று நிரலைத் திறந்தோம். ஒரே கோப்பு, 1,800 வரி. தொட்டி நிரம்பியதா என்று பார்க்கும் வரியிலேயே சிப்பின் எந்தப் பின் (கால்) என்ற எண் இருந்தது, அடுத்த வரியில் மோட்டாரை ஆன் ஆஃப் செய்யும் ரிலே, அதற்கடுத்து ஐந்து நொடிக் காத்திருப்பு. ஒரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை இரண்டு மாதம் இழுத்தது. மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது ஓடக் கூடாது என்று பல வருடம் பட்டுத் தெரிந்துகொண்டதெல்லாம் அந்தக் கோப்புக்குள் இருந்தது. ஆனால் அதைச் சிப்பிலிருந்து உரித்து எடுக்க முடியவில்லை.

அந்த இரண்டு மாதத்தில் கற்றதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். முடிவெடுக்கும் நிரலுக்கு எந்தச் சிப்பின் மேல் ஓடுகிறோம் என்பதே தெரியக் கூடாது. மற்ற படிகள் எல்லாம் இதிலிருந்து வருபவை.

சி மொழி ஓரளவு தெரிந்து, ஒரு எல்இடியை மினுக்கிப் பார்த்தவராக இருந்தால் போதும். போர்டு எதுவானாலும் சரி. அர்டுயினோ ஊனோவை வைத்தே பேசுகிறேன். அதில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் 32 கிலோபைட் ஃப்ளாஷும் 2 கிலோபைட் ரேமும் உண்டு, இந்த வேலைக்கு அது தாராளம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரல் எழுதிப் பழகும் காலத்தில் 230 வோல்ட் பக்கமே போக வேண்டாம். ரிலே இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எல்இடி, நீர்மட்டத்தைக் காட்டும் மிதவை இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண ஸ்விட்ச் என்று மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான மோட்டாரில் இணைக்கும் நாளில் எலக்ட்ரீஷியன் ஒருவர் கூட இருக்கட்டும்.

படி 1: முதலில் தாளில் எழுதுங்கள்

கணினியைத் திறக்கும் முன் ஒரு முழு நாளை இதற்குக் கொடுங்கள். "கீழ் மிதவை காய்ந்தால் மோட்டார் ஓடணும், மேல் மிதவை நனைந்தால் நிக்கணும்" என்று வீட்டுக்காரர் ஒரே வரியில் சொல்லிவிடுவார். இரண்டு மிதவை எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றே ஒன்று வைத்தால், நீர்மட்டம் அதன் அருகே தளும்பும்போதெல்லாம் மோட்டார் போட்டுப் போட்டு நிற்கும். இரண்டு மிதவைக்கும் நடுவே நீர் இருக்கும்போது, ஏற்கெனவே என்ன செய்துகொண்டிருந்ததோ அதையே மோட்டார் தொடரும். அதனால்தான் இரண்டு.

அப்புறம் அந்த ஒரு வரிக்குள் அடங்காத கேள்விகள் வரும். சம்ப்பில் நீர் தீர்ந்துவிட்டால்? மோட்டார் காற்றைத்தான் இழுக்கும், சீல் தேய்ந்து போகும். நீர் இல்லாமல் ஓடும் பம்பு வழக்கத்தைவிடக் குறைந்த மின்னோட்டமே இழுக்கும் என்பதால், கரண்ட் சென்சாரை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் ஓடத் தொடங்கும் கணத்தில் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும், அப்புறம் குழாயில் நீர் ஏறிச் சீராகவும் சில நொடி ஆகும். ஆகவே அந்தச் சில நொடிகள் சென்சார் சொல்வதை நம்பக் கூடாது. மேல் மிதவை சிக்கிக்கொண்டு நனையவே இல்லை என்றால்? தொட்டி வழிந்து மொட்டைமாடி குளமாகிவிடும். அதனால் ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஓடலாம் என்று ஒரு உச்ச வரம்பு வேண்டும். மேல் மிதவை நனைந்திருக்கிறது, கீழ் மிதவை காய்ந்திருக்கிறது என்று வந்தால்? உலகில் நடக்காத காரியம் அது. ஏதோ ஒரு வயர் அறுந்திருக்கிறது என்று பொருள்.

கரண்ட் போய்த் திரும்பி வரும் கேள்வியைப் புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். ஒரு தெருவில் இருபது வீடுகளில் இதே பெட்டி இருந்தால், கரண்ட் வந்த அதே நொடியில் இருபது மோட்டாரும் சேர்ந்து இழுக்கும், வோல்டேஜ் படுத்துவிடும். அதனால் கரண்ட் வந்ததும் பெட்டி கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுக்கும் நேரம் பெட்டிக்குப் பெட்டி வேறாக இருந்தால் இன்னும் நல்லது.

இந்தக் கேள்விகளுக்கான பதிலைச் சிப்பின் கையேட்டில் தேடிப் பயனில்லை. பிளம்பரிடமும் மோட்டார் காயில் கட்டுபவரிடமும்தான் கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் மோட்டார் இருக்கக்கூடிய நிலைகளுக்குப் பெயர் வையுங்கள். நான் வைப்பது ஐந்து: ஓய்வு, தொடக்கம், ஓட்டம், வறட்சிப் பூட்டு (நீர் இல்லை என்று தெரிந்ததும் மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிடாமல் வைப்பது), பழுது. இடப்பக்கம் நிலைகள், மேலே நிகழ்வுகள் என்று ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்து எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று நிரப்புங்கள். காலியாக நிற்கும் கட்டம்தான் பின்னால் நள்ளிரவில் தொட்டியை வழிய வைக்கும். ஒன்றையும் காலியாக விடாதீர்கள். "ஒன்றும் செய்யாதே" என்பதையும் எழுத்தில் எழுதுங்கள்.

படி 2: மூன்று அடுக்கு, மூன்று அடைவு

இப்போது கணினிக்கு வருவோம். மூன்று அடைவுகளை (ஃபோல்டர்களை) உருவாக்குங்கள்: முடிவு, கருவி, சிப்.

முடிவு அடைவில் நீங்கள் தாளில் போட்ட கட்டம் மட்டும் இருக்கும். கருவி அடைவில் மிதவை, மோட்டார், பொத்தான், கரண்ட் சென்சார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. சிப் அடைவில் பின்களும் டைமரும் ரெஜிஸ்டர்களும். மேலே இருப்பது தனக்குக் கீழே இருப்பதைக் கூப்பிடலாம். கீழே இருப்பதற்கு மேலே யார் இருக்கிறார் என்று தெரியக் கூடாது. முடிவு அடைவுக்கு மட்டும் இன்னும் கடுமையான கட்டுப்பாடு: அது கருவியையும் நேராகக் கூப்பிடாது. நிலவரத்தை வாங்கிக்கொள்ளும், கட்டளையைத் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

சரியாகப் பிரித்திருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. முடிவு அடைவில் இருக்கும் கோப்புகளில் சிப் தயாரிப்பாளரின் தலைப்புக் கோப்பு (ஹெடர்) ஒன்றாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்று இருந்தாலும் பிரிப்பு முடியவில்லை என்று அர்த்தம்.

கருவி அடுக்கு எதற்கு என்பதற்கு ரிலேவையே எடுத்துக்கொள்ளலாம். கடையில் கிடைக்கும் மலிவான ரிலே மாட்யூல்களில் பல, பின்னை லோ ஆக்கினால்தான் ஆன் ஆகும். சில ஹை ஆக்கினால் ஆன் ஆகும். இந்தத் தகவல் மோட்டார் கோப்பில் ஒரே ஒரு இடத்தில் இருக்க வேண்டும். வெளியே இருப்பவர்களுக்கு "மோட்டாரை ஓட்டு", "மோட்டாரை நிறுத்து" என்ற இரண்டு செயற்கூறுகள் மட்டும் தெரிந்தால் போதும். நாளைக்கு வேறு மாட்யூல் வாங்கினால் ஒரு வரியை மாற்றினால் முடிந்தது. எங்கள் பழைய கோப்பில் அந்தத் தகவல் பதினான்கு இடங்களில் சிதறிக் கிடந்தது. பதின்மூன்றை மாற்றி ஒன்றை விட்டுவிட்டோம். பழுது வந்தால் மோட்டாரை நிறுத்த வேண்டிய வரி அது.

பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். "ஏழாம் பின் லோவா?" என்று எழுதாமல் "மேல் மிதவை நனைந்ததா?" என்று எழுதுங்கள். நம் துறைக்கே புதியவர் ஒருவர் அந்த வரியைப் படித்தாலும் தலையாட்ட வேண்டும்.

போர்டு உயிர் பெறும் முதல் கணத்தில் பின்கள் எந்த நிலையில் இருக்கும் என்பதைச் சிப் அடுக்குதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான சிப்களில் அவை உள்ளீடுகளாக, இன்னது என்று உறுதியில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கணத்தில் ரிலே ஒரு முறை "டக்" என்று அடிக்கக்கூடும். ரிலே பின்னுக்கு, அணைந்த நிலைக்கு இழுக்கும் ஒரு ரெசிஸ்டரைப் போர்டிலேயே வைப்பதும், நிரலின் முதல் வேலையாக மோட்டாரை நிறுத்துவதும் இதற்காகத்தான்.

படி 3: காத்திருக்காதீர்கள், திரும்பத் திரும்பப் பாருங்கள்

அர்டுயினோ பழகிய எல்லாருக்கும் டிலே என்ற செயற்கூறு கைவந்திருக்கும். ஐந்து நொடி டிலே போட்டால் அந்த ஐந்து நொடியும் சிப் கண்ணை மூடிக்கொள்ளும். அதற்குள் யாராவது நிறுத்து பொத்தானை அழுத்தினால் அது யார் காதிலும் விழாது. ஓடும் மோட்டாரை நிறுத்த முடியாத அந்த ஐந்து நொடி எனக்குப் பெரிய விஷயம். உங்களுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

முதன்மை நிரல் இவ்வளவு சிறியதாக இருந்தால் போதும்:

ஒவ்வொரு 10 மில்லிநொடிக்கும்:
    நிலவரம் = கருவிகளைப்_படி()
    கட்டளை = முடிவெடு(நினைவு, நிலவரம், இப்போது)
    கருவிகளுக்குச்_சொல்(கட்டளை)
    வாட்ச்டாகைத்_தட்டு()

வாட்ச்டாக் என்ன என்பதை ஆறாம் படியில் சொல்கிறேன். "முடிவெடு" எங்கும் நிற்காது. கட்டத்தைப் பார்த்து, நிலையை மாற்ற வேண்டுமானால் மாற்றிவிட்டு உடனே திரும்பிவிடும். நேரத்தையும் அதற்கு வெளியிலிருந்துதான் கொடுக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். கடிகாரத்தை அது தானே பார்ப்பதில்லை. இதன் அருமை ஐந்தாம் படியில் தெரியும்.

பொத்தானை அழுத்தும்போது உள்ளே இருக்கும் உலோகம் சில மில்லிநொடி துள்ளும். ஒரு அழுத்தம் ஐந்தாறாகத் தெரியும். 10 மில்லிநொடிக்கு ஒருமுறை பார்த்து, தொடர்ந்து மூன்று முறை ஒரே பதில் வந்தால் மட்டும் நம்புங்கள். மிதவைக்கு இன்னும் பொறுமை வேண்டும், இரண்டு மூன்று நொடி சீராக இருந்த பிறகு ஏற்றுக்கொண்டால் போதும். இந்த வடிகட்டல் கருவி அடுக்கில் நடக்கட்டும். முடிவு அடுக்குக்குச் சுத்தமான பதில் மட்டும் போகட்டும்.

படி 4: எண்கள்

நேரத்தை மில்லிநொடியில் 32 பிட் எண்ணாக எண்ணினால், ஏறக்குறைய 49.7 நாளில் அது நிரம்பி மீண்டும் பூஜ்யத்துக்கு வரும். வீட்டு மோட்டார் பெட்டி மாதக்கணக்கில் ஓடும் பொருள். மேசையில் ஒரு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டு நன்றாக ஓடுகிறது என்று அனுப்பினால், ஐம்பதாம் நாள் வாடிக்கையாளர் வீட்டில்தான் பிழை வெளியே வரும்.

தப்பிக்கும் வழி எளிது. "இப்போது, தொடங்கிய நேரத்துடன் 5,000 கூட்டியதைத் தாண்டிவிட்டதா?" என்று கேட்காதீர்கள். "இப்போதிலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்தால் 5,000 ஆகிவிட்டதா?" என்று கேளுங்கள். குறியில்லாத 32 பிட் எண்களில் கழித்தால், இடையில் எண்ணி (கவுன்டர்) பூஜ்யத்தைத் தாண்டியிருந்தாலும் விடை சரியாகவே வரும். 11 மணிக்குத் தொடங்கி 2 மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தால், முள் பன்னிரண்டைத் தாண்டிவிட்டதே என்று நாம் குழம்புவதில்லை, மூன்று மணி நேரம் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? அதே கணக்குதான்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர்க் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால், உள்ளே இருக்கும் ஒரு எண்ணி நிரம்பி வழிந்து, அவை பாதுகாப்பு நிலைக்குப் போய்விடக்கூடும் என்று 2015-இல் அமெரிக்க விமானத்துறை எச்சரித்தது. நூறில் ஒரு பங்கு நொடியாக எண்ணினால் 31 பிட் நிரம்ப ஏறத்தாழ அதே 248 நாள்தான் ஆகும்.

சிப் மாறும்போது கடிக்கும் இன்னொன்று, சி மொழியின் இன்ட். ஊனோவில் அது 16 பிட், உச்சம் 32,767. 40 நொடியை மில்லிநொடியாக்கினால் 40,000, அதில் அடங்காது. ஆர்ம் சிப்களில் அதே இன்ட் 32 பிட், எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடும். ஆகவே வெறும் இன்ட் வேண்டாம். எத்தனை பிட், குறி உண்டா இல்லையா என்று பெயரிலேயே சொல்லும் வகைகள் சி99 தரத்திலிருந்தே இருக்கின்றன, அவற்றையே எழுதுங்கள். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகும் முன் வெடித்தது, 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட்டுக்குள் திணிக்கப் போய்த்தான். ஏரியன் 4-இல் சரியாக ஓடிய நிரல் அது. புது ராக்கெட்டின் வேகத்தில் அந்த எண் பெரிதாகிவிட்டது. உங்கள் நிரலில் ஒரு எண் இதற்கு மேல் போகாது என்று நீங்கள் நம்பியிருந்தால், அந்த நம்பிக்கையை அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அடுத்து வருபவருக்கு அது தெரிய வேண்டும்.

மாற்றக்கூடிய எண்கள் எல்லாம், அதாவது உச்ச ஓட்ட நேரம், பூட்டு நேரம், கரண்ட் வந்தபின் பொறுக்கும் நேரம் எல்லாம், ஒரே கோப்பில் இருக்கட்டும். பெயரிலேயே அலகும் இருக்கட்டும்: "பூட்டு நேரம்" என்று நிறுத்தாமல் "பூட்டு நேரம் நிமிடம்" என்று.

படி 5: மடிக்கணினியில் ஓட்டிப் பாருங்கள்

இவ்வளவு பிரித்ததற்குப் பலன் இந்தப் படியில் கிடைக்கும். முடிவு அடைவில் சிப் சம்பந்தப்பட்ட எதுவும் இல்லை. ஆகவே அதை உங்கள் மடிக்கணினியின் சாதாரணக் கம்பைலரிலேயே கட்டி ஓட்டலாம். போர்டு வேண்டாம், தொட்டி வேண்டாம், நீர் வேண்டாம். நேரமும் வெளியிலிருந்து வருவதால், ஐம்பது நாள் கழித்து என்ன ஆகும் என்பதை இப்போதே பார்க்கலாம்: எண்ணி நிரம்புவதற்கு இரண்டு நொடி முன்பான நேரத்தைக் கொடுத்து மோட்டாரைத் தொடங்குங்கள், பிறகு நேரத்தை நகர்த்துங்கள்.

தாளில் போட்ட கட்டத்தின் ஒவ்வொரு கட்டமும் ஒரு சோதனை. ஓடும்போது சம்ப் வறண்டால் பூட்டுக்குப் போகிறதா? பூட்டில் இருக்கும்போது யாராவது பொத்தானை விடாமல் அழுத்தினால்? தொடக்க நிலையில் மின்னோட்டம் ஏறி இறங்குவதைப் பொருட்படுத்தாமல் இருக்கிறதா? இரண்டு மிதவையும் முரண்பட்டால் எந்த நிலையில் இருந்தாலும் பழுதுக்குப் போகிறதா? யூனிட்டி என்ற பெயரில் சி மொழிக்கான சிறிய சோதனைக் கட்டகம் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. அது கூட இல்லாமல் மொழியிலேயே இருக்கும், சொன்னது பொய்யானால் நிரலை நிறுத்திக் காட்டும் அசர்ட்டை வைத்தும் தொடங்கலாம். களத்தில் ஒரு பிழை வந்தால், அதைத் திருத்தும் முன் அதே பிழையைக் காட்டும் ஒரு சோதனையை எழுதுங்கள். அது தோற்பதைப் பார்த்துவிட்டு, பிறகு திருத்துங்கள்.

மறுபடி எழுதிய பின் எங்களிடம் எழுபது சோதனைகளுக்கு மேல் இருந்தன. எல்லாம் ஓடி முடிய ஒரு நொடி ஆகவில்லை. முன்பெல்லாம் வாளியில் மிதவையை மூழ்க வைத்து எடுத்து, ஒரு மதியம் முழுக்க அதைச் செய்துகொண்டிருந்தோம்.

படி 6: இன்டரப்ட், நினைவகம், வாட்ச்டாக்

இன்டரப்ட் என்பது ஓடும் நிரலை ஒரு கணம் நிறுத்தி வைத்துவிட்டுச் சிப் வேறொரு சிறு வேலையைக் கவனிப்பது. அதைப் பற்றிப் படித்ததும் எல்லாவற்றையும் அதில் செய்யத் தோன்றும். இந்தப் பெட்டிக்கு டைமருக்கு ஒன்று போதும். பயன்படுத்தும் இடத்தில், உள்ளே ஒரு எண்ணைக் கூட்டிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அந்த எண்ணை முதன்மை நிரலும் படிப்பதால் அதை வாலட்டைல் (எப்போது வேண்டுமானாலும் மாறலாம், ஒவ்வொரு முறையும் புதிதாகப் படி) என்று அறிவிக்க வேண்டும். அத்துடன், 8 பிட் சிப் 32 பிட் எண்ணைப் பைட் பைட்டாகத்தான் படிக்கும். பாதி படித்திருக்கும்போது இன்டரப்ட் வந்தால் பாதி பழையது, பாதி புதியது என்று ஒரு எண் கையில் வரும். ஆகவே நகலெடுக்கும் அந்தக் கணத்துக்கு மட்டும் இன்டரப்ட்டை மூடித் திறங்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ் போன்ற இயக்க அமைப்பு இங்கே தேவையில்லை என்பது என் கருத்து. வைஃபை, திரை என்று பெட்டி வளரும்போது அதைப் பற்றி யோசிக்கலாம்.

ரேமை ஓடும்போது கேட்டு வாங்காதீர்கள். தேவையானதை எல்லாம் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். 2 கிலோபைட்டில் துண்டு துண்டாக இடம் வீணாவதை நம்மால் தாங்க முடியாது.

கரண்ட் போனாலும் அழியாத நினைவகமான ஈஈப்ராமில் எழுதுவதற்கும் கணக்கு உண்டு. ஏடிமெகா328பி-யில் ஒரு இடத்தில் 1,00,000 முறை எழுதலாம் என்பது தயாரிப்பாளர் தரும் உறுதி. மோட்டார் ஓடிய நேரத்தை நொடிக்கு ஒருமுறை ஒரே இடத்தில் எழுதினால், 28 மணி நேரத்தில் அந்த உறுதி தீர்ந்துவிடும். மோட்டார் நிற்கும்போது மட்டும் எழுதினால், நாளைக்கு ஆறு முறை என்று வைத்தாலும் நாற்பத்தைந்து வருடம் வரும்.

நிரல் எங்காவது சிக்கிக்கொண்டு, குறித்த நேரத்துக்குள் தன்னைத் தட்டாமல் விட்டால், சிப்பைத் தட்டி எழுப்பி முதலிலிருந்து ஓட வைக்கும் வாட்ச்டாக் கட்டாயம் வேண்டும். அதைத் தட்டும் வரி நிரல் முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், முதன்மைச் சுற்றின் கடைசியில். டைமர் இன்டரப்ட்டுக்குள் வைத்துவிட்டால், முதன்மை நிரல் செத்துக் கிடந்தாலும் வாட்ச்டாக் நிம்மதியாகத் தூங்கும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மறுபடி எழுந்ததும் எதனால் எழுந்தோம் என்பதைச் சிப்பிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். கரண்ட் போய் வந்ததா, வாட்ச்டாக் தட்டியதா என்று தெரிந்தால் பாதிப் பழுதைப் போனிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

படி 7: பெட்டியை வெளியே அனுப்பும் முன்

கம்பைலரின் எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை இருந்தாலும் நிரல் கம்பைல் ஆகாமல் நிற்கும்படி வையுங்கள். முதல் நாளிலிருந்தே, நிரலின் பழைய வடிவங்களையும் காத்து வைக்கும் கிட் (Git) என்ற கருவியில் சேமித்து வாருங்கள், தனியாளாக எழுதினாலும். அனுப்பும் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு எண் கொடுத்து, அதே எண்ணில் கிட்டிலும் அடையாளம் வையுங்கள்.

அந்த எண் பெட்டியிலும் தெரிய வேண்டும். நாங்கள் இரண்டு இடத்தில் வைத்தோம்: கரண்ட் வந்ததும் எல்இடி பதிப்பு எண்ணை மினுக்கிக் காட்டும், மூடியின் உட்புறம் ஒட்டிய தாளிலும் அது இருக்கும். பொள்ளாச்சியிலிருந்து ஒரு மெக்கானிக் போன் செய்து "மூணு தடவை மின்னுச்சு, அப்புறம் ரெண்டு தடவை மின்னுச்சு சார்" என்பார். பதிப்பு 3.2 என்று எழுதிக்கொண்டு, கிட்டில் அந்த அடையாளத்துக்குப் போய், அந்தப் பெட்டியில் ஓடுகிற அதே நிரலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் "சொல்லுங்கண்ணே, மோட்டார் என்ன பண்ணுது?" என்று கேட்போம்.